கம்பளி போர்த்திய யானையும் வேற்றுக்கிரக நம்பியாரும்

1952-ல் வந்த 'காடு' படத்தைக் கொட்டகையில் பார்த்தவர்கள் நம் குடியிருப்பில் யாராவது இருந்தால், அவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். அதை எங்கேயோ எடுத்த படம் என்று நினைக்க வேண்டாம், நம் ஜில்லாப் படம்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். அதுவரை காரிமங்கலம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்தச் சேலத்தில் ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம்தான், அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து, தமிழில் 'காடு' என்றும் ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்' என்றும் அதை எடுத்தது. இந்தியாவின் முதல் விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள்.

கதை இதுதான். காட்டு மிருகங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறி ஊர்களை நாசம் செய்கின்றன. ஏன் என்று கண்டுபிடிக்க இளவரசி ஒருத்தியும் வெள்ளைக்கார வேட்டைக்காரர் ஒருவரும் ஆட்களோடு உள்ளே போகிறார்கள். காரணம் மாமூத். பனியுகத்தோடு அழிந்துபோனதாகப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் அந்த ரோம யானை நம் காட்டில் உயிரோடு திரிகிறதாம்! ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று மூன்று ஹாலிவுட் நடிகர்கள். இயக்கியவர் வில்லியம் பெர்க். இதில் ரொமேரோவை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறிமுகப்படுத்தலாம். பின்னால் 1966-ல் 'பேட்மேன்' டி.வி. தொடரில் ஜோக்கராக வந்தவர் அவர்தான்.

மாமூத்துக்கு என்ன செய்தார்கள்? நிஜ யானைக்குக் கம்பளி ரோமம் போர்த்திவிட்டார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் 1933-ல் அமெரிக்காவில் 'கிங் காங்' எடுத்தவர்கள் சிறிய பொம்மையை ஒவ்வொரு பிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தார்கள். திரையில் ஒரு வினாடி ஓட 24 பிரேம் வேண்டும். அதற்கு எவ்வளவு ஆட்கள், எவ்வளவு மாதங்கள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பானியர்கள் 1954-ல் 'காட்ஜில்லா' எடுத்தபோது ரப்பர் உடைக்குள் ஆளை நுழைத்து நடக்கவிட்டார்கள். சேலத்துக்காரர்கள் அதற்கு இரண்டு வருஷம் முன்பே அதே யோசனையை யானையை வைத்துச் செய்துவிட்டார்கள். இங்கே யானைக்குப் பஞ்சமா?

வரவு செலவு பார்த்தே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்தப் படத்தில் கதையைவிடக் கணக்குதான் பிடிக்கிறது. ஒரே முதலீட்டில் செட், யானை, துணை நடிகர்கள் எல்லாம் தயார். சரக்கு இரண்டு சந்தைக்குப் போகிறது. ஆங்கிலப் படம் ஒன்றேகால் மணி நேரம்தான். இந்தப் புத்தி மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர்.சுந்தரத்துக்கு உண்டு. திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்து போய் நெசவுத் தொழில் படித்தவர். ஸ்டுடியோவை மில் மாதிரி நடத்தி நூறு படங்களுக்கு மேல் எடுத்தது அவருடைய கம்பெனி. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அங்கே தயாரானவைதான். 'காடு' அவற்றின் தரத்துக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமூத் வருவதே கடைசியில்தான். அதுவரை நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் எம்.என்.நம்பியாரும் உண்டு. பதினொரு வருஷம் கழித்து, 1963-ல், அவர் வேற்றுக்கிரகத்திலிருந்தே வந்து இறங்கினார். படம் 'கலை அரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது, ஏ.காசிலிங்கம் இயக்கியது. அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, சங்கீதம் இல்லை. அதனால் பூமியில் நன்றாகப் பாடும் பெண்ணைத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஹாலிவுட்டில் வேற்றுக்கிரகவாசி வந்தால் ஊரை அழிக்க வருவான், இல்லாவிட்டால் எச்சரிக்க வருவான். பாட்டு வாத்தியாரம்மாவைக் கடத்த வந்தது நம் படத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்! படம் வந்தது ஏப்ரலில். அதே வருஷம் நவம்பர் 21-ல்தான் கேரளத்தின் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. ஏழு மாதம் நாம் முந்திக்கொண்டோம்.

அதே 1963-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில் நம்பியார் நூறு வயதைத் தாண்டிய ஜமீன்தார். பாழடைந்த பங்களா, முன்ஜென்ம நினைவு, வின்சென்ட்டின் கேமரா. பேய் என்று ஒன்று வந்து பயமுறுத்தவில்லை. வெளிச்சமும் நிழலுமே போதுமாக இருந்தது. டூரிங் கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு, தெருவிளக்கு இல்லாத ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே வீடு திரும்பியவர்களுக்கு மீதிப் பயம் வழியில் கிடைத்தது. இன்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு "இதுவா பேய்ப் படம்" என்று கேட்பது நியாயமில்லை.

வீணை எஸ்.பாலசந்தரையும் விட முடியாது. பாட்டே இல்லாத 'அந்த நாள்' (1954), வெடிகுண்டு வைத்த பொம்மை கை மாறிக் கை மாறிப் போகும் 'பொம்மை' (1964), ஒவ்வொருவராகச் சாகும் 'நடு இரவில்' (1970). அதன்பின் அவர் முழுக்க வீணைக்கே போய்விட்டார். நஷ்டம் சினிமாவுக்கு.

பிறகு 1986-ல் சுஜாதா எழுதிய 'விக்ரம்'. திருடு போகும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரன். நிஜமான அக்னி ஏவுகணை பறந்தது 1989 மே மாதம். அந்தப் படத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள், நாங்கள் பயந்தோம். வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை கொடுத்திருந்த நேரம். ஒரு மிஷின் வந்தால் எத்தனை கிளார்க் வீட்டுக்குப் போவான் என்பதுதான் மதியச் சாப்பாட்டில் பேச்சு. லெட்ஜர் போனது, எங்கள் வேலை போகவில்லை. எங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிகளில் ஆள் குறைந்தது உண்மை.

பேய்களும் பங்களாவைக் காலி செய்துவிட்டு அப்பார்ட்மென்ட்டுக்குக் குடிவந்துவிட்டன. 2009-ல் மாதவன் நடித்த 'யாவரும் நலம்' பார்த்திருப்பீர்கள். புது ஃபிளாட், வங்கிக் கடன், கூட்டுக் குடும்பம். வீட்டு எண் 13பி. கதாநாயகன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. (நம் லிஃப்ட் யார் ஏறினாலும் அப்படித்தான். செயலாளர் கவனிக்க.) ஒளிந்துகொள்ளப் பாழடைந்த மூலை எதுவும் வேண்டாம், மதியம் ஒரு மணி டி.வி. தொடரே போதும் என்று காட்டிய படம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இன்று இல்லை. அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ரோட்டோரத்தில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகும்போது வண்டியை ஐந்து நிமிஷம் அங்கே நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கம்பளி போர்த்திய யானையின் கதையையும் சொல்லுங்கள்.