கல்லறையில் பேர் வாங்கின கல்

திருநாவலூர்ன்னா சுந்தரர் பிறந்த ஊர். அங்கிருந்து மேற்கே போனா கல்வராயன் மலை. அங்க நிறையக் கிடைக்கிற கருங்கல்லோட பேர் சார்னோக்கைட்.

கல்கத்தாவில் ஜாப் சார்னாக்ன்னு ஒரு ஆங்கிலேய வணிகரோட கல்லறை இருக்கு. அதோட கல் சென்னைப் பக்கத்துல இருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-ல் அவர் பேரையே இந்தப் பாறைக்கு வச்சார். அப்போ கண்டத்தட்டுக் கோட்பாடே கிடையாது. அது 1960-களில் வந்தது.

தட்டுகள் மோதினா பூமியோட மேலோடு தடிக்கும். அடியில் சிக்கின பாறை 20 கிலோமீட்டருக்கும் கீழே வேகும். நம்ம மலைக்கல் சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி அப்படி வெந்தது. மேல இருந்ததெல்லாம் மழையிலும் காத்திலும் மெல்லக் கரைஞ்ச பிறகுதான் வெளியே தெரிஞ்சது.

சோவியத் விஞ்ஞானிகள் கோலாவில் 1970-ல் தோண்ட ஆரம்பிச்சு, 1989-ல் எட்டின ஆழம் 12,262 மீட்டர். அதுக்கும் கீழே வெந்த கல்லை நாம ஜல்லியா உடைச்சு ரோடு போடுறோம். வீடும் ரோடும் வேணும்தான். ஆனா ஒரு குன்றை முழுசா உடைச்சுட்டா, இன்னொண்ணு மேல வர்ற வரைக்கும் காத்திருக்க நாம இருக்க மாட்டோம்.