இல்லாத நாடுகளின் முத்திரைகள்

தபால் முத்திரை என்பது ஓர் அரசு வழங்கும் உறுதிமொழி. கடிதத்துக்குரிய கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது. இனி அது உரியவரைச் சென்றடைய வேண்டும் என்பதே அதன் பொருள். அங்ஙனமாயின், தேசப்படத்தில் எங்கும் காணப்படாத ஒரு நாட்டின் பெயரால் முத்திரை வெளிவந்தால் அதனை என்னவென்று கொள்வது? இவ்வினா வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது.

1840 மே மாதத்தில் பிரித்தானியா உலகின் முதல் ஒட்டு முத்திரையை வழங்கிற்று. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் முதலாந் திகதி வெளியாயிற்று. சேகரிப்போர் பெருகவே, 1861 இல் பாரிசில் அல்பிரட் பொத்திக்கே முத்திரைப் பட்டியல் நூலொன்றை வெளியிட்டார். நாடு, பெறுமதி, நிறம் எனப் பகுத்துரைக்கும் இத்தகைய நூல்களே சேகரிப்பை ஒரு கல்வியாக்கின. 1872 இல் இலங்கை ரூபாய், சத நாணயத்துக்கு மாறியது. ஆகவே பென்சு குறித்த முத்திரை அதற்கு முந்தியதென அறியலாம். 1972 இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறிற்று. தமிழில் 'இலங்கை' என்பது மாறாது நின்றது. இவ்வாறு நாட்டின் வரலாறே பட்டியலில் ஒளிந்து கிடக்கிறது.

ஆனால், எல்லா முத்திரைகளும் இத்தகைய நேர்மையுடையன அல்ல. மேரெனா என்னும் பிரெஞ்சுக்காரர் 1888 இல், இன்றைய வியட்நாமின் மலைப்பகுதியில், செடாங் இராச்சியத்தின் மன்னராகத் தம்மை அறிவித்துக்கொண்டார். அதன் பெயரால் முத்திரைகளும் தோன்றின. 1890 இல் அவர் இறந்தார், இராச்சியமும் மறைந்தது. முத்திரைகள் மட்டும் சேகரிப்போர் கையில் எஞ்சின.

இதற்கு நேர்மாறானவர் 1945 இல் பிறந்த அமெரிக்க ஓவியர் டொனால்ட் எவன்ஸ். அவர் 42 கற்பனை நாடுகளைப் படைத்து, அவற்றுக்கென ஏறக்குறைய 4,000 முத்திரைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். தட்டச்சுப் பொறியின் முற்றுப்புள்ளியால் விளிம்புத் துளைகளைக் காட்டினார். எவரையும் ஏமாற்ற அவர் எண்ணவில்லை. தாம் வரைந்தவற்றை 'உலகப் பட்டியல்' என்ற பெயரில் முறையாகப் பதிந்தும் வந்தார். 1977 இல் அம்ஸ்டர்டாமில் நேர்ந்த தீவிபத்தில், 31 வயதில், அவர் மாண்டார். அவருடைய முத்திரைகள் பலர் கையிற் சிதறிக் கிடக்க, அவற்றை ஒன்றாகக் காண உதவுவது அப்பதிவே.

2004 இல் ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட், ஒரு கற்பனை நகரத்தின் தபால் நிலையம் மீண்டும் உயிர்பெறுவதை நாவலாக்கினார். அந்நகரின் முத்திரைகளை இங்கிலாந்தின் வின்கன்ரனில் பெர்னாட் பியர்சன் உண்மையாகவே அச்சிட்டு வெளியிட்டார். தாள்களிடையே வேண்டுமென்றே சில மாறுபாடுகளும் சேர்க்கப்பட்டன. சேகரிப்போருக்கு உடனே பட்டியல் தேவைப்பட்டது. அரச வர்த்தமானி இல்லாத முத்திரைக்குச் சான்று எது? வைத்திருப்போர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைக் காட்டி, ஒப்பிட்டு, பிழை திருத்துவதே வழி. அதற்கு இணையமே ஏற்ற களமாயிற்று.

அம்பாறைக் கரையோர மக்களுக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. 1970களின் பின்னர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோரின் கடிதங்கள் கல்முனைப் பகுதி வீடுகளுக்கு வந்தன. அவற்றின் முத்திரைகளைச் சிறுவர் சேர்த்துவைத்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கிற்று. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு வீடுகளும், வீடுகளிலிருந்த ஏடுகளும் ஆவணங்களும் அழிந்தன. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருப்பதைத் தீயும் நீரும் ஒரு நாழிகையில் அழித்துவிடும் என்பதை இக்கரை அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திருத்தல் அரிது.

ஆதலின் நல்ல பட்டியலுக்கு இரு கடமைகள் உள்ளன. கற்பனையைக் கற்பனை என்றே குறித்தல் ஒன்று; ஆக்கியோன் பெயரும் ஆண்டும் இருந்தால் விளையாட்டு மோசடியாகாது. பல பிரதிகளாகப் பல இடங்களில் வைத்தல் மற்றொன்று. இல்லாத நாட்டின் முத்திரைக்கே இத்துணைப் பேணுகை உண்டாயின், இருந்து மறைந்த ஊர்களின் கடிதங்களுக்கும் பதிவேடுகளுக்கும் எத்துணை வேண்டும்!