கிரகணமும் வரலாற்றுக் கணக்கும்



நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பண்டைய வீரர்களின் நடுகற்கள் பல நிற்பதை நாம் காண்கிறோம். எழுத்துடைய பழங்கற்கள் பெரும்பாலும் இன்ன அரசருக்கு இத்தனையாவது ஆண்டு என்றே காலம் குறிக்கின்றன. அவ்வரசர் பட்டமேறிய ஆண்டு தெரிந்தாலன்றி அக்கணக்கு நமக்குப் பயன்படாது.

இம்முடிச்சை அவிழ்க்க அறிஞர்கள் வானத்தைச் சாட்சிக்கு அழைத்தனர். கோயிற் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆட்சியாண்டுடன் மாதம், திதி, நட்சத்திரம், கிழமை ஆகியனவும் உண்டு. இவை யாவும் ஒருசேர அமையும் நாள் அரிதாகவே வரும். இதனைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், முதலாம் இராசராச சோழன் பட்டமேறியது கி.பி. 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று நிறுவினார். பின்னர் திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாட்களுக்குப் பஞ்சாங்கம் கணித்து 1922இல் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்து உழைப்பு அது!

பைத்துல் முகத்தஸ் அழிக்கப்பட்ட ஆண்டும் இவ்வழியிலேயே அறியப்பட்டது. நம் தஃப்ஸீர்கள் புக்து நஸ்ஸர் என்றழைக்கும் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சாரின் 37ஆம் ஆட்சியாண்டில் சந்திரனும் கோள்களும் நின்ற நிலைகள் ஒரு களிமண் பலகையில் பதிவாகியுள்ளன. அப்பலகை இன்று பெர்லினில் உள்ளது. அந்நிலைகள் கி.மு. 568-567க்குப் பொருந்துவதால் அவனது முதல் ஆட்சியாண்டு கி.மு. 604 ஆகிறது. அவனது 19ஆம் ஆண்டில் ஆலயம் எரிக்கப்பட்டது என்கிறது யூதர்களின் வேதநூல். அது கி.மு. 587 அல்லது 586. ஆட்சியாண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் அந்த ஓராண்டுச் சிக்கல் இன்னும் தீரவில்லை. பாபிலோனியர் வானை நோக்கியதில் மன்னனுக்கு வரும் கேட்டை முன்னறியும் மூடநம்பிக்கையும் கலந்திருந்தது. ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதினர்.

அம்மூடநம்பிக்கை அரபுநாட்டிலும் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அம்மரணமே காரணம் என்றனர் மக்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பிள்ளையை இழந்த அந்நாளிலேயே மறுத்தார்கள்.

அது மாதத்தின் 10ஆம் நாள் என்று வாகிதீ எழுதியிருந்தார். பிறை மாதத்தின் இறுதியிலன்றிச் சூரிய கிரகணம் வாராது, ஆகவே அது பிழை என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) எடுத்துக்காட்டினார்கள். 1858இல் எகிப்திய வானியல் அறிஞர் மஹ்மூது பாஷா அக்கிரகணத்தைக் கணக்கிட்டார். ஹிஜ்ரி 10, ஷவ்வால் 29, அதாவது கி.பி. 632 ஜனவரி 27, திங்கட்கிழமைக் காலை என்று விடை வந்தது.