கரி பஸ்ஸும் பெட்ரோல் கணக்கும்

படகின் எஞ்சினைப் பெட்ரோலில் ஓட்டுவது லாபமா, சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த புரொப்பேனில் ஓட்டுவது லாபமா என்று கடற்கரைவாசிகள் இந்நாளில் கணக்கிடத் தொடங்கியிருக்கிறார்கள். கேரளக் கரையில் அவ்வகைச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. பெரம்பலூருக்குக் கடலில்லை, அரியலூரின் தென்னெல்லையாய் ஓடும் கொள்ளிடத்திலோ பரிசலுக்குத் துடுப்பும் தோணிக்குக் கழியுமே நெடுங்காலம் போதுமாயிருந்தன. ஆயினும் எண்ணெயா வாயுவா என்னும் அதே வழக்கு, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, நீர்வழியாக அன்றித் தார்ச்சாலை வழியாக இப்பிரதேசத்தின் வாசலுக்கு வந்து நின்றது.

அந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போடப்பட்ட கார்டு லைன் 1929-க்குள் முழுமையடைந்து அரியலூரை ரயிலூராக்கிவிட்டது. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையின்மேல் அமர்ந்திருந்தும் பெரம்பலூருக்கு ரயில் பாக்கியம் இன்றளவும் வாய்க்கவில்லை. ஆகவே, மாட்டுவண்டியை நம்பாதவர்களுக்கு அங்கே பஸ்ஸே கதி. பஸ்ஸுக்குப் பெட்ரோலே கதி. 1941-இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய ஆங்கிலேயர் ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளைத் தாமே நாசம் செய்துவிட்டுப் போயினர். ஐராவதி ஆற்றோரத்தில் மூண்ட அந்தத் தீயின் விளைவு, நம் ஊர்ப் பஸ் முதலாளியின் கல்லாப்பெட்டிவரை வந்து தட்டிற்று.

அப்போது சென்னை ராஜதானியெங்கும் பரவியதுதான் கரி பஸ். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் ஸ்தாபித்த டி.வி.எஸ். நிறுவனம் பெட்ரோல் பஞ்சத்தை முன்னிட்டு 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்னும் சாதனத்தைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது. வித்தை முற்றிலும் புதிதன்று. அரிசி ஆலைகளில் கரிவாயு எஞ்சின்கள் முன்னரே ஓடியதுண்டு. பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உலையொன்றை மாட்டி, அதில் கரியைக் கொட்டி நெருப்பிட்டு, போதிய காற்றை விடாமல் அரைகுறையாக எரியவைத்தால், கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும், பாதிக்கு மேல் பயனற்ற நைட்ரஜனும் கலந்த வாயு எழும். அதைச் சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, குளிரச்செய்து, எஞ்சினுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். கரிக்கோ நம் பக்கத்தில் பஞ்சமில்லை. மேற்கே பச்சைமலையும் சுற்றிலும் முட்காடுகளும் உள்ள வறண்ட சீமை இது; மூட்டம் போட்டுக் கரி சுடுவது சமுத்திரம் தாண்டிவர வேண்டிய தொழிலன்று.

ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி போதும் என்பதால், காகிதத்தில் எழுதிப் பார்த்தவர்களுக்குக் கரியே வென்றது. ஆனால் அந்தக் காகிதத்தில் ஏறாத செலவுகள் சில உண்டு. விடிவதற்கு நெடுநேரம் முன்னரே எழுந்து உலையை மூட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றூதி, நல்ல வாயு வரும்வரை காத்திருந்தவன் கிளீனர்; வழியில் கிளறிவிட்டவனும், இரவில் சாம்பல் வாரி வடிகட்டியைத் துடைத்தவனும் அவனே. எஞ்சினின் சக்தியோ பெட்ரோலில் இருந்ததைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேட்டைக் கண்டால் வண்டி நிற்கும், டிக்கெட் வாங்கிய பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். உலை வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற விஷமாதலால், மூடிய கொட்டகையில் உலை மூட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். இவற்றையெல்லாம் கூலியாகவும் நேரமாகவும் ஆபத்தாகவும் மதிப்பிட்டுக் கூட்டியிருந்தால் கரி மலிவு என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதியிருக்கமாட்டான் என்பது என் அபிப்பிராயம். முதலாளிக்கு மலிவாயிருந்ததன் மிச்சத்தைக் கிளீனரும் பிரயாணியும் செலுத்தினார்கள். யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் உலைகள் கழற்றப்பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புரொப்பேன் அவ்வளவு முரட்டு வாயுவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு உலையில்லை, சாம்பலில்லை; சுத்தமாக எரிவதால் எஞ்சினுக்குள் கரி படிவதும் குறைவு. புரொப்பேன் கலந்த எல்.பி.ஜி.யை மோட்டார் வாகனங்களில் உபயோகிக்க இந்தியச் சட்டம் 2000-இல் இடங்கொடுத்தபின், ஆட்டோக்களில் அது சகஜமாயிற்று. எனினும் ஒரு லிட்டர் புரொப்பேன் தரும் வெப்பம் பெட்ரோல் தருவதில் முக்காற்பங்கே. லிட்டர் விலையை மட்டும் ஒப்பிடுகிறவன் ஏமாறுவான். காற்றினும் கனமான வாயுவாகையால் கசிந்தால் படகின் அடிவயிற்றில் தங்கிவிடும். பொறி பட்டால் வெடிக்கும். பெட்ரோல் ஆவிக்கும் இக்குணம் உண்டென்பது மெய்யே. ஆனால் பெட்ரோலைக் கேனில் வாங்கிக்கொண்டு எந்தக் கரையிலும் ஊற்றலாம், புரொப்பேனுக்கோ கனத்த சிலிண்டரும் அதை நிரப்பித் தருவார் ஒருவரும் துறைதோறும் வேண்டும்.

பஸ்ஸில் நடந்த வழக்கில் கடைசியில் ஜெயித்தது பெட்ரோலும் அன்று, வாயுவும் அன்று, டீசல். யுத்தத்திற்குப் பின் மெல்ல மெல்லப் பெரம்பலூர்ச் சாலையின் பஸ்களையும் லாரிகளையும் அதுவே ஆட்கொண்டது. நாகப்பட்டினம் கரையின் கண்ணாடியிழைப் படகுகளிலும் நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழற்றும் சிறு டீசல் எஞ்சின்களே பெரும்பாலும் இரைந்துகொண்டிருக்கின்றன.