நீலகிரித் தேயிலை

நீலகிரித் தேயிலை என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 2500 மீட்டர் வரையான உயரத்தில் விளையும் தேயிலை ஆகும். குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகியன இதன் முக்கிய விளைநிலங்கள். மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் இத்தூள், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஆகிய ஊர்களின் தேநீர்க் கடைகளில் பெருமளவு பயன்படுகிறது.

வரலாறு

1830களில் கேத்தியில் இருந்த அரசுச் சோதனைப் பண்ணையில் தேயிலைச் செடிகள் நடப்பட்டன. வணிக முறையிலான தோட்டங்கள் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாய்சோலை, டன்சாண்டல் ஆகிய இடங்களில் உருவாயின. சீனப் போர்க் கைதிகள் இங்கு கொண்டுவரப்பட்டுத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறப்படுகிறது.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை அளிக்கும் நோக்குடன், தமிழக அரசு 1968இல் வனத்துறை மூலம் தேயிலை பயிரிடத் தொடங்கியது. இதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக (டேன்டீ) மாறியது. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைவித்துவந்த படுகர் இன உழவர்கள் பலரும் தேயிலைக்கு மாறினர். ஆண்டுக்கு ஓரிரு முறை அறுவடையாகும் காய்கறிகளைப் போலன்றி, தேயிலை ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை வருவாய் தருவது இதற்கு ஒரு காரணம்.

பயிரிடுதல்

தேயிலையின் அறிவியல் பெயர் கமெலியா சினென்சிஸ். தானாக வளரவிட்டால் இது மரமாகிவிடும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, இடுப்பளவு உயரத்தில் தட்டையான மேற்பரப்புடன் வைத்திருப்பதால்தான் செடி போலத் தோன்றுகிறது. நிழலுக்காக இடையிடையே சில்வர் ஓக் மரங்கள் வளர்க்கப்படுகின்றன. மழைக்காலத்தில் இலைகளைத் தாக்கும் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும்; செடிகள் கருகும் அபாயம் இருந்தபோதிலும், இக்குளிரில் மெதுவாக வளரும் கொழுந்தே மணம் மிகுந்தது.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்த்துப் பறிப்பதே நல்ல பறிப்பு. ஆள் பற்றாக்குறையால் கையால் பறிக்கும் வழக்கம் குறைந்து, பல இடங்களில் கத்தரியும் இயந்திரமும் பயன்படுகின்றன. இவற்றால் வெட்டும்போது முற்றிய இலையும் காம்பும் சேர்ந்துவிடுவதால் தரம் குறைகிறது.

பதப்படுத்துதல்

பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. எனவே ஒரு கிலோ தூளுக்கு நான்கு முதல் நாலரைக் கிலோ கொழுந்து தேவைப்படுகிறது.

கொழுந்து முதலில் நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, அடியிலிருந்து காற்று செலுத்தி, ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வாட்டப்படுகிறது. இதனால் இலை துவண்டு, நசுக்குவதற்கு ஏற்றதாகிறது. அடுத்த கட்டத்தில் இரு முறைகள் உள்ளன. பழைய ஆர்த்தோடாக்ஸ் முறையில் இலை உருட்டிச் சுருட்டப்படுகிறது. தேநீரின் மணம் இதில் மிகுதி. சி.டி.சி. முறையில் பல் கொண்ட உருளைகளுக்கிடையே இலை நசுக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்பட்டுக் குருணையாகிறது. 1930ஐ ஒட்டி அசாமில் தோன்றிய இம்முறையில் விரைவாக அடர்ந்த சாயம் இறங்குவதால், பால் சேர்த்த தேநீருக்கு இதுவே ஏற்றது. நீலகிரி ஆலைகளில் பெரும்பாலானவை சி.டி.சி. ஆலைகளே.

நசுங்கிய இலையில் செல்கள் உடைந்து, அதிலுள்ள நொதிகள் கேட்டசின்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாக மாறுவதும், தேநீரின் நிறமும் துவர்ப்பும் உருவாவதும் இப்போதுதான். கள் நொதிப்பதைப் போல இங்கு நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. நொதியால் நிகழ்வது என்ற பொருளில் மட்டும் நொதித்தல் என்ற சொல் பொருந்தும். காலம் தவறினால் சுவை கெட்டுவிடும். ஆகவே உரிய நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி நொதிகளின் செயல் நிறுத்தப்படுகிறது. ஈரப்பதம் 3 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. பிறகு நார் நீக்கி, சலித்து, இலை, உடைந்த இலை, டஸ்ட் எனத் தரம் பிரிக்கப்படுகிறது. தேநீர்க் கடைகள் விரும்புவது டஸ்ட் வகையையே. பின்னலாடைத் தொழிலாளர் மிகுந்த திருப்பூரில் கண்ணாடிக் குவளையில் கிடைக்கும் தேநீர் பெரும்பாலும் இவ்வகைத் தூளில் ஆனது.

ஏலமும் விலையும்

தென்னிந்தியத் தேயிலை குன்னூர், கோயம்புத்தூர், கொச்சி ஆகிய இடங்களில் ஏலம் விடப்படுகிறது. குன்னூர் ஏல மையம் 1963இல் தொடங்கியது. சுவைஞர்கள் மாதிரிகளைச் சுவைத்து மதிப்பிட்டபின், மின்னணு முறையில் ஏலம் நடைபெறுகிறது. வாங்கும் நிறுவனங்கள் பல தோட்டத் தூள்களைக் கலந்தே பொட்டலமிடுவதால், நுகர்வோர் கையில் வருவது அரிதாகவே ஒரே தோட்டத்துத் தேயிலையாக இருக்கிறது.

சொந்த ஆலை இல்லாத சிறு விவசாயிகள் கொழுந்தைத் தனியார் கொள்முதல் ஆலைகளுக்கோ, இன்கோசர்வ் கூட்டமைப்பைச் சேர்ந்த கூட்டுறவு ஆலைகளுக்கோ விற்கின்றனர். ஏலத்தில் ஒரு கிலோ தூள் 100 ரூபாய்க்கு விற்றதாகக் கொண்டால், ஆலைச் செலவைக் கழிக்காமலே ஒரு கிலோ கொழுந்தின் பங்கு 22 முதல் 25 ரூபாய்தான். ஆலையின் பங்கு போக எஞ்சுவதில் பறிகூலி, உரம், மருந்து ஆகியவற்றையும் ஈடுசெய்ய வேண்டும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததால் தென்னிந்தியத் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. 1990களின் இறுதியில் விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். உற்பத்திச் செலவுக்குக் குறையாத குறைந்தபட்ச விலை கோரி 2023 செப்டம்பரில் படுகர் ஊர்களில் உண்ணாநிலைப் போராட்டங்கள் நடைபெற்றன.

கலப்படம்

பயன்படுத்திய தூளை உலர்த்திச் சாயமேற்றி மீண்டும் விற்பதும், நல்ல தூளுடன் சாயம் கலப்பதும் உண்டு. கோயம்புத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய தூளைப் பறிமுதல் செய்துள்ளனர். ஈரமான வெள்ளை வடிதாளின் மீது சிறிது தூளைத் தூவிச் சற்று நேரம் வைத்தால், செயற்கைச் சாயம் கலந்த தூள் உடனே நிறத்தைப் பரவவிடும். தூய தேயிலை குளிர்ந்த நீரில் அவ்வளவு விரைவாகச் சாயம் இறக்குவதில்லை.