ஒரு மரக் கட்டிடமும் நான்கு மாணவர்களும்

வியட்நாம் போரைப் படிப்பிக்கும் போதெல்லாம் நான் மாணவர்களுக்கு ஒரு கட்டிடத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் ஒஹியோ மாநிலத்தில், கென்ட் அரச பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற பழைய மரக் கட்டிடம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படைமுகாம்களில் இருந்த வகையைச் சேர்ந்தது. மாணவர்களை இராணுவ அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் ஆர்.ஓ.ரீ.சீ. அமைப்பு அதிலேதான் இயங்கியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் இராணுவம் நுழைந்த கதை நீண்டது. அரச நிலத்தைக் கொண்டு உருவான கல்லூரிகளில் விவசாயம், பொறியியல் ஆகியவற்றோடு இராணுவக் கலையும் கற்பிக்கப்பட வேண்டுமென 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டம் கூறியது. 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.ஓ.ரீ.சீ.யைத் தோற்றுவித்தது. வியட்நாம் போரும் கட்டாய ஆட்சேர்ப்பும் வந்தபோது, இந்தப் பயிற்சிக் கட்டிடங்கள் தமது வளாகத்துக்குள்ளேயே திறந்து கிடக்கும் போரின் வாசலாக மாணவர்களுக்குத் தெரியத் தொடங்கின.

1970 ஏப்ரல் 30ஆம் திகதி, அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் செல்வதாக ஜனாதிபதி நிக்ஸன் அறிவித்தார். மறுநாள் கென்ட் வளாகத்தில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. அன்றிரவு நகரில் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. மே 2ஆம் திகதி நகர மேயர் தேசியக் காவற்படையை அழைத்தார். அன்றிரவே மரக் கட்டிடம் தீக்கிரையானது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களின் குழாய்கள் வெட்டப்பட்டன. கட்டிடத்துக்குள் எவரும் இருக்கவில்லை, எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. அது ஏற்கனவே இடித்து அகற்றப்படவிருந்த கட்டிடம் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

மே 4ஆம் திகதி நண்பகல், அந்தச் சாம்பலின் அருகே அணிவகுத்து நின்ற படையினர், கூடியிருந்த மாணவர்களைக் கலைக்கப் புறப்பட்டனர். சற்று நேரத்தில் குன்றின் மேலிருந்து 28 படையினர் திரும்பிச் சுட்டனர். 13 வினாடிகளில் அறுபதுக்கும் மேற்பட்ட வேட்டுகள். ஜெஃப்ரி மில்லர், அலிஸன் க்ராஸ், சாண்ட்ரா ஷோயர், வில்லியம் ஷ்ரோடர் ஆகிய நால்வர் மாண்டனர். ஒன்பது பேர் காயமடைந்தனர். அவர்களுள் ஒருவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். சாண்ட்ரா வகுப்புக்குச் சென்று கொண்டிருந்தவர். ஷ்ரோடரோ ஆர்.ஓ.ரீ.சீ. மாணவர். எரிந்த கட்டிடம் யாருடையதோ, அவர்களில் ஒருவரையே துப்பாக்கி பலிகொண்டது.

அந்தச் சூடு அவசியமற்றது, நியாயப்படுத்த முடியாதது என ஜனாதிபதி நியமித்த ஆணைக்குழுவே அதே ஆண்டு முடிவு கூறிற்று. ஆயினும், குற்றஞ்சாட்டப்பட்ட எட்டுப் படையினரையும் 1974இல் நீதிமன்றம் விடுவித்தது. 1979இல் காயமடைந்தோருக்கும் இறந்தோரின் குடும்பங்களுக்குமாக 6,75,000 டொலரும், வருத்தம் தெரிவிக்கும் ஓர் அறிக்கையும் கிடைத்தன. கட்டிடத்துக்குத் தீ வைத்தவர் என எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

மாணவர்கள் விழுந்த வாகனத் தரிப்பிடத்தில் நெடுங்காலம் கார்கள் நின்றன. குடும்பத்தவரின் வேண்டுகோளால் 1999இல்தான் அந்த நான்கு இடங்களும் விளக்குத் தூண்களால் வேலியிடப்பட்டு, பெயர் பொறிக்கப்பட்டன. 2016இல் அவ்விடம் தேசிய வரலாற்று அடையாளமாக ஏற்கப்பட்டது.

இக்கதையைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் எழும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சேர், கட்டிடத்தை எரிச்சது யார்?" இடிக்கவிருந்த மரச் சுவர்களுக்காக எழும் இந்தக் கேள்வி எனக்கு ஆச்சரியம் தருவதில்லை, அன்றைய அதிகாரிகளும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் காத்திருப்பேன். சுடச் சொன்னது யார் என்று பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளையாவது கேட்கும் வரை அன்றைய பாடத்தை நான் முடிப்பதில்லை.