மடித்து எடுத்துப் போகும் வாளி

தாம்பரத்துக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் புதிதல்ல. விமானப்படை நிலையத்திலிருந்து கிளம்பிச் சேலையூர் மொட்டைமாடிகளுக்கு மேல் தடதடத்துப் போனால் சின்னப் பிள்ளைகள்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அதே விமானப்படையின் எம்ஐ-17 ஒன்று 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத்தீயின் மேல் தண்ணீர் கொட்டியபோது மட்டும் பெரியவர்களும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதன் அடியில் தொங்கியது பாம்பி பக்கெட். 1982இல் கனடாவின் டான் ஆர்னி உருவாக்கியது.

வானிலிருந்து தண்ணீர் கொட்டுவது அதற்கும் முந்திய வித்தை. 1955இல் கலிபோர்னியாவில், வயலுக்கு மருந்தடிக்கும் விமானத்தின் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் காட்டுத்தீ மேல் திறந்துவிட்டார்கள். ஹெலிகாப்டருக்கு வாய்த்தவையோ விறைப்பான வாளிகள். மடங்காது, உள்ளே ஏற்ற இடமில்லை. வழி நெடுக வெளியே தொங்கவிட்டுப் பறந்தால் வேகம் போய்விடும். தீ காத்திருக்குமா?

ஆர்னியின் வாளி துணியால் ஆனது. சுருட்டிப் பைக்குள் திணித்து ஹெலிகாப்டருக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். நீர்நிலைக்கு மேல் வந்து இறக்கினால், விளிம்பின் ஒருபக்கம் தைத்த எடைக்கட்டி வாளியைச் சாய்க்கும், தானாக நிரம்பும். விமானி பொத்தானை அழுத்தியதும் உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும் துணிக்குழாய் அடிவழியே வெளியே விழ, தண்ணீர் ஒரே தூணாக இறங்கும். தாழப் பறந்தால் இறக்கைக் காற்றே தீயை விசிறிவிடும். மிக உயரே போனால் தண்ணீர் சிதறும். சரியான உயரம் விமானியின் கைப்பழக்கம்.

குன்னூரில் 8 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 16,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரிக்கு ஒன்றரை நடைகூட இல்லை! ஆனால் அந்தச் சரிவில் லாரி ஏறாது. தீயின் முகப்பைக் கொஞ்சம் ஆற்றிக்கொடுத்தால் வனத்துறையினர் கிட்டே போய்த் தடுப்புக் கோடு வெட்டலாம். வாளியின் வேலை அவ்வளவுதான். என் கணக்கில் அது சின்ன வேலையல்ல.

அதற்கு மேல் கேட்டால் திணறும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததே, அந்த மாதிரி தீ மேலே கொட்டினால் அடங்காது. மறு ஆண்டு கொச்சி பிரம்மபுரம் குப்பைமேட்டில் ஹெலிகாப்டர்களை இறக்கிப் பார்த்தார்கள். மேற்பரப்பு நனைந்தது, அடியில் கனல் அப்படியே இருந்தது. கடைசியில் மண்வாரி இயந்திரங்கள் குப்பையைக் கிளறிக் கிளறிப் புரட்ட, ஆற்றுத் தண்ணீரைப் பம்பு வைத்துப் பாய்ச்சித்தான் அணைத்தார்கள்.